ஏற்றியதை இறக்கும் கந்தகம்

மேலகரத்தில் வடிவாம்பாள் வீட்டுப் பரணில் ஒரு செம்புக் குடம் பதினைந்து வருஷம் கவிழ்ந்தே கிடந்தது. அவளுக்குக் கல்யாணச் சீராக வந்த குடம். கழுத்தில் அவள் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். வெள்ளையடிக்க ஆள் வரும்போது மட்டும் அதை இறக்குவார்கள். வேலை முடிந்ததும் வடிவாம்பாளே ஸ்டூல் போட்டு ஏறி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, முன்பு இருந்தபடியே கவிழ்த்து வைப்பாள். அதை விற்கவும் மாட்டாள், யாருக்கும் கொடுக்கவும் மாட்டாள், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பிடிக்கவும் மாட்டாள்.

மகள் லோகநாயகிக்கு அந்தக் குடத்தின் கதை தெரியும். அது அவள் உடம்புக்குள் நடந்த கதை.

வடிவாம்பாள் அங்கன்வாடி டீச்சர். ஊரில் பால்வாடி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, தடுப்பூசிக்குத் தேதி சொல்லி அம்மாமார்களை விரட்டிக்கொண்டு வருவது அவள் வேலை. பிளஸ் டூ வரை படித்தவள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வரும் உடல்நலப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பாள். அந்த நோட்டில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்த விஷயம் செம்புப் பாத்திரத்துத் தண்ணீர்.

"நம்ம ஆத்துக்கே தாமிரத்தோட பேருதான். சும்மாவா வச்சிருக்கான்? செம்புல ஊறுன தண்ணியக் குடிச்சுப் பாருங்க, டாக்டர் வீட்டு வாசலே மறந்து போயிரும்" என்று பால்வாடிக்கு வரும் பெண்களிடம் சொல்வாள். அவர்களும் தலையாட்டுவார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த யாருக்கும் அதில் சந்தேகம் வராது.

லோகநாயகிக்குப் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் கண் வெளுத்தது. ஈரல் இளைத்துப் போயிருக்கும், அதற்குத் தெம்பு வேண்டும் என்று வடிவாம்பாள் நினைத்தாள். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். ராத்திரி நிரப்பி மூடி வைத்து, விடிகாலை ஐந்தரைக்கு மகளை எழுப்பி, இரண்டு டம்ளர் குடிக்க வைத்தாள். ஒரே பிள்ளை. இரண்டு வருஷம் ஒருநாள் தவறவில்லை.

பதினாலாவது வயதில் லோகநாயகியின் கையெழுத்து கோணத் தொடங்கியது. பிறகு கை நடுங்கியது. வாய் குழறியது. பேசும்போது கடைவாயில் எச்சில் ஒழுகியது. அவளுக்குத் தெரிவதற்கு முன்பே எதிரில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பள்ளியில் பக்கத்துப் பெஞ்சுக்காரி தள்ளி உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டால் எழுத்து சரியாகும் என்று வகுப்பு டீச்சர் சொன்னதால், அப்பா வீரபாகு அவளைத் தென்காசியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த டாக்டர் அம்மா வெளிச்சக் கருவி வழியாக இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பொன்னும் பழுப்பும் கலந்த ஒரு வளையம் இருந்தது. கண்ணாடி எழுதித் தரவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்து, "இந்த வாரமே போங்க" என்றார்.

பாளையங்கோட்டை டாக்டர் முத்துகுமரன் முதலில் கேட்டது நோயைப் பற்றி அல்ல.

"சொந்தத்துலயா கட்டிருக்கீய?"

"எங்க அத்தை மகன்தான் டாக்டர்" என்றாள் வடிவாம்பாள்.

"ஆளுக்குப் பாதியா இருந்த ஒரு குறை பிள்ளைகிட்ட முழுசாச் சேந்துருச்சு. யார் குத்தமும் இல்ல." அவர் காகிதத்தில் ஈரலை வரைந்தார். "நாம திங்கற எல்லாத்துலயும் துளித் துளியாச் செம்பு இருக்கு. வேண்டியது போக மிச்சத்தை ஈரல் பித்தத்தோட வெளிய தள்ளிரும். இவ ஈரலுக்குத் தள்ளத் தெரியல. சேத்து வச்சு, நிரம்பி, இப்ப மூளைக்கும் கண்ணுக்கும் ஏறியிருக்கு. வில்சன் நோய்னு பேரு."

வீரபாகு கள்ளம் இல்லாத மனிதர். கேட்காததையும் சொல்லிவிடுவார். "டாக்டர், இவ ரெண்டு வருஷமா செம்புக் குடத்துத் தண்ணியத்தான் பிள்ளைக்குக் குடுக்கா. தெனமும் காலைல" என்றார்.

லோகநாயகி அம்மாவைப் பார்த்தாள். வடிவாம்பாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது காரணம் இல்லம்மா" என்றார் டாக்டர். "பிறக்கும்போதே உள்ளது இது. ஏற்கெனவே எரியுற அடுப்புல நீங்க ரெண்டு குச்சி கூடப் போட்டிருக்கீய, அம்புட்டுத்தான். இன்னையோட நிறுத்திருங்க."

அவர் ஆறுதலாகச் சொன்னது முதல் வாக்கியம். வடிவாம்பாள் காதில் விழுந்தது அந்த இரண்டு குச்சி.

பெனிசிலமின் என்று ஒரு காப்ஸ்யூல் எழுதினார். "பென்சிலின்னு நெனச்சுராதீய, இது வேற. இதுக்குள்ள கந்தகம் இருக்கு. கந்தகத்துக்குச் செம்பைக் கண்டா விட மனசு வராது. உள்ள போயி, செம்பைக் கெட்டியாப் பிடிச்சு, சிறுநீரோட வெளிய கூட்டிட்டு வந்துரும்."

"பட்டாசுல போடுவாங்களே, அந்தக் கந்தகமா?"

"அதேதான். ஒங்க தலைமுடியிலயும் இருக்கு. முடி கருகினா ஒரு நாத்தம் அடிக்கும்லா, அதுக்குக் காரணம் அதுதான். ஒடம்புக்குப் புதுசில்ல."

வடிவாம்பாள் மருந்துச் சீட்டை எடுத்து மடித்தாள். "அப்போ நான் ஏத்துனதை இது இறக்கும்" என்றாள்.

டாக்டர் அவளைத் திருத்தப் பார்த்து, முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். "இறக்கும்மா. ஆனா ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது" என்றார்.

அன்று சாயங்காலமே குடம் பரணுக்குப் போனது.

காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. விடிகாலை ஐந்தரைக்குச் செம்புத் தண்ணீர் வந்த அதே கை, அதே நேரத்தில் எவர்சில்வர் டம்ளரும் காப்ஸ்யூலுமாக வந்தது. டப்பாவைத் திறந்தால் பூண்டுத் தோலும் பழைய பட்டாசுத் தாளும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. லோகநாயகி மூக்கைச் சுளிப்பாள். வடிவாம்பாள் டப்பாவை மூக்கருகில் கொண்டுபோய் இழுத்து மோந்து பார்ப்பாள். "நல்லா இருக்குட்டி. வாடை அடிச்சாத்தான் வேலை செய்யும்" என்பாள்.

வேலை செய்வதாகத் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் கை நடுக்கம் கூடிவிட்டது. ஸ்பூனைப் பிடித்தால் தட்டில் தாளம் போட்டது. நாக்கில் ருசியும் போனது. சாம்பார் மண் மாதிரி இருந்தது, பாயசமும் மண் மாதிரி இருந்தது. டாக்டர் மறுபடி சிறுநீர்ப் பரிசோதனை கேட்டிருந்தார். ஒருநாள் முழுக்க, ஒரு சொட்டு விடாமல் பிடித்துக் கொண்டுவர வேண்டும். வடிவாம்பாள் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனைத் துணிப்பையில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு, மகளோடு திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினாள்.

பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். கேனைத் தட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, தேனா? குத்தாலத்துல வாங்குனியளா? எல்லாம் வெல்லப்பாகுக்கா, ஏமாத்திருவான்."

"இதுல கலப்படமே கெடையாது தம்பி. எங்க வீட்டுச் சரக்கு. என் கண்ணு முன்னாலதான் எறக்குனது."

"எறக்குனதா? அப்பம் பதநீரா? எனக்கு ஒரு டம்ளர் ஊத்துங்களேன், தொண்ட காயுது."

"ஊத்தலாம். சில்வர் டம்ளர்தான் இருக்கு, பரவாயில்லையா?"

லோகநாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவின் முந்தானை. நடுக்கம் தொடங்கிய அந்த நாலு மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எச்சில் ஒழுகியது, கேன் குலுங்கியது, கண்டக்டர் ஒன்றும் புரியாமல் முன்பக்கம் போய்விட்டார். வடிவாம்பாள் ஆலங்குளம் வரை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான் நீடித்தது. பரிசோதனை முடிவு வந்தது. மருந்துக்கு முன்பு முந்நூற்றுப் பத்து என்றிருந்த செம்பின் அளவு இப்போது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்று இருந்தது.

வடிவாம்பாள் அந்த எண்ணை மூன்று தடவை படித்தாள். இன்னும் எங்கிருந்தோ செம்பு பிள்ளைக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டினாள். பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்தாள். பூஜைச் சொம்பு, தீபாராதனைத் தட்டு, அடுக்களையில் இருந்த பித்தளைக் கரண்டி எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. தாமிரபரணியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, இலஞ்சிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். வீரபாகு முணுமுணுக்காமல் மிதித்தார்.

செங்கோட்டையிலிருந்து வந்திருந்த அத்தை, வீரபாகுவின் தங்கை, இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மைனி, மருந்து குடுத்த அன்னைலருந்துதான் பிள்ளைக்கு நடுக்கம் கூடிருக்கு. நான் கண்ணால பாக்கேன்லா. கந்தகத்தையா பச்சப் பிள்ளைக்குக் குடுப்பாவ? நிறுத்திப் பாருங்க. நிறுத்துனா என்ன கொறஞ்சா போகும்?"

மறுநாள் காலை ஐந்தரைக்கு டம்ளர் வரவில்லை. லோகநாயகி விழித்துப் படுத்திருந்தாள். அடுக்களையில் அம்மா நிற்பது தெரிந்தது. ஏழு மணிக்குக் காப்பிதான் வந்தது.

கடை திறக்கும் நேரத்துக்கு வடிவாம்பாள் மகளைக் கூட்டிக்கொண்டு, காப்ஸ்யூல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உள்ள பரீதின் மருந்துக் கடைக்குப் போனாள். மதுரையில் சொல்லி அந்த மருந்தை வரவழைத்துத் தந்தவர் அவர்தான். அவருடைய கடைக்குட்டி அஃப்சல் அவள் பால்வாடியில்தான் இருந்தான்.

"திருப்பி எடுத்துக்கிடுங்க பாய். பிள்ளைக்கு இது சேரல."

பரீது டப்பாவைத் தொடவில்லை. "வாங்க டீச்சர். ஏட்டி லோகா, அந்த ஸ்டூல்ல இரு. ரிப்போர்ட்டு இருக்கா?"

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எதுல எடுத்த டெஸ்டு?"

"மூத்திரத்துல."

"அது இப்ப எங்கன இருக்கு? பிள்ளைக்கு உள்ளயா, வெளியவா?"

வடிவாம்பாள் ரிப்போர்ட்டை வாங்கி அந்த எண்ணை மறுபடி பார்த்தாள்.

"நீங்க பால்வாடியப் பெருக்குறீய. முறத்துல குப்பை கூடுதலா வந்தா அன்னைக்கு நல்லாப் பெருக்கியிருக்கீயன்னு அர்த்தமா, குப்பை கூடிப் போச்சுன்னு அர்த்தமா? இம்புட்டுச் செம்பையும் அந்தக் கந்தகம் இழுத்து வெளிய போட்டிருக்கு டீச்சர்."

"அப்பம் கை நடுக்கம் கூடியிருக்கே பாய். அது பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும்." கடை போனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போட்டு, பேசி, அவளிடம் கொடுத்தார்.

டாக்டர் பேசியது லோகநாயகிக்குக் கேட்கவில்லை. அம்மா சொன்ன "சரி, சரி" மட்டும் கேட்டது. இடம் மாறிக் கிளம்புகிற செம்பு போகிற வழியில் கொஞ்சம் கலக்கிவிட்டுத்தான் போகும், சிலருக்கு அப்படித்தான் ஆகும், அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றுவோம், அடுத்த வாரம் நேரில் கூட்டிவாருங்கள், ஆனால் ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள் என்று அவர் சொன்னது பின்னால் தெரிந்தது. போனை வைக்குமுன் வடிவாம்பாள் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள்.

"டாக்டர், தாலித் தங்கத்துலயும் செம்பு கலந்திருப்பாங்களாமே. நான் பிள்ளையத் தொட்டுத் தூக்குதேன். கழத்தி வச்சிரட்டுமா?"

இந்தப் பதில் கடை முழுக்கக் கேட்டது. "பிள்ள அதைக் கடிச்சுத் திங்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாதும்மா!"

பரீது சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "டீச்சர், அஃப்சலுக்கு ஊசி போட்டு ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சப்போ நான் ஒங்க பால்வாடி வாசல்ல வந்து சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கா? நீங்க என்ன சொன்னீய?"

"காய்ச்சல் வந்தா ஒடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். அடுத்த ஊசிக்குத் தேதி தவறாம வாங்கன்னு சொன்னேன்."

"நான் வந்தேன்லா?"

வடிவாம்பாள் டப்பாவைத் திறந்தாள். அந்த வாடை வந்தது. லோகநாயகி காலையில் காப்பிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்தக் கடை ஸ்டூலிலேயே விழுங்கினாள். அதற்குப் பிறகு அம்மா ஒரு வேளை தவறவிட்டதாக அவளுக்கு நினைவே இல்லை.

நடுக்கம் சட்டென்று போய்விடவில்லை. வடிவாம்பாள் அதற்கு ஒரு அளவுகோல் வைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, அடுக்களையிலிருந்து வாசல் வரை மகளை நடக்கச் சொல்வாள். பின்னாலேயே குனிந்து சிமெண்டுத் தரையில் விழுந்த சொட்டுகளை எண்ணுவாள். முதல் வெள்ளிக்கிழமை எண்ண முடியவில்லை, வாசலுக்குப் போனபோது டம்ளர் பாதிதான் இருந்தது. இரண்டு மாதத்தில் நாற்பது. சாரல் தொடங்கி அருவிக்குக் கூட்டம் போகும் நாளில் பதினெட்டு. ஒரு வெள்ளிக்கிழமை ஐந்துக்கு இறங்கியது, அடுத்த வாரமே பதினொன்று ஆகி, வடிவாம்பாள் முகம் வாடியது. "அம்மா, நீ பின்னாலேயே மூச்சு விட்டுக்கிட்டு வந்தா எனக்குச் சிரிப்பு வருது, சிந்துது" என்றாள் லோகநாயகி. குழறாமல் சொல்லிவிட்டதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். அந்த வாரத்துக் கணக்கை வடிவாம்பாள் தள்ளுபடி செய்துவிட்டாள்.

ருசி திரும்பியது. கண்ணில் வளையம் மங்கியது. பிளஸ் டூவில் கையெழுத்து நேரானது. குற்றாலத்துப் பெண்கள் கல்லூரியில் லோகநாயகி வேதியியல் எடுத்தாள். சாப்பிடும் பருப்பில், பாலில், நகத்தில், முடியில் எல்லாம் கந்தகம் இருக்கும் புரதங்கள் உண்டு என்று வந்து சொல்வாள். அப்பா போட்டுக்கொள்ளும் இன்சுலினின் இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று கோத்து வைத்திருப்பதுகூடக் கந்தகப் பாலம்தான் என்றாள் ஒருநாள்.

"ஒனக்கு ஒரு கந்தகம், ஒங்கப்பாவுக்கு ஒரு கந்தகமா? அப்பம் என் குடும்பத்தையே அதுதான் பிடிச்சு வச்சிருக்கு" என்றாள் வடிவாம்பாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இதுலயும் அதுதானே?" கண்ணைத் துடைத்தாள்.

மூன்றாம் ஆண்டில் லோகநாயகி ஒரு கணக்குப் போட்டாள். குடத்தில் ஊறிய தண்ணீரில் எவ்வளவு செம்பு கரைந்திருக்கும், இரண்டு டம்ளருக்கு எவ்வளவு, அன்றாடச் சாப்பாட்டில் எவ்வளவு. குடம் இல்லாவிட்டாலும் நோய் வந்திருக்கும் என்று காட்டி, காகிதத்தை அம்மா முன்னால் வைத்தாள். வடிவாம்பாள் பால்வாடிப் பதிவேட்டைச் சரிபார்ப்பது போல வரிவரியாகப் பார்த்தாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. குடம் அங்கனயே இருக்கட்டும்."

பரீதும் ஒரு வேளை தவறவில்லை. லோகநாயகி பெயர் எழுதிய ஒரு அட்டைப் பெட்டியில் இரண்டு மாதத்து மருந்து எப்போதும் தனியாக இருக்கும். ஊரடங்கில் பஸ் இல்லாதபோது, மதுரையிலிருந்து காய்கறி லாரியில் வரவழைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, வாசலில் வைத்துவிட்டு, தெருவில் நின்றே "டீச்சர், சரக்கு வந்துருக்கு" என்று கத்திவிட்டுப் போனார். அவர் போன பிறகும் வடிவாம்பாள் தெருவைப் பார்த்துக் கைகூப்பியபடி நின்றாள். முத்துகுமரனுக்கும் அந்தக் கண் டாக்டர் அம்மாவுக்கும் பரீதுக்கும் வருஷந்தோறும் பொங்கலுக்கு ஒரு தார் வாழைப்பழம் போகும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதை அவள் யாரிடமும் விட்டதில்லை.

போன ஐப்பசியில், பால்வாடியில் எடை பார்த்துக்கொண்டிருக்கும்போது வடிவாம்பாளுக்கு நெஞ்சு வலித்தது. பெஞ்சில் சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்தது. ஐம்பத்தெட்டு வயது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. லோகநாயகி இலஞ்சியில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். வகுப்பின் நடுவில் செய்தி வந்தது.

மறுநாள் காலை நீர்மாலை எடுக்க வேண்டும். போனவரைக் குளிப்பாட்ட, உரிமைப்பட்டவர்கள் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவது. மகன் இல்லை. மகள் எடுக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பித்தளைக் குடம் ஒன்றைப் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தார்கள்.

"இருங்க" என்றாள் லோகநாயகி. ஸ்டூல் போட்டு, வீரபாகு பிடித்துக்கொள்ள, ஏறினாள். பரணிலிருந்து வேட்டித் துணியோடு செம்புக் குடத்தை இறக்கினாள்.

செங்கோட்டை அத்தைக்கு அது என்ன குடம் என்று தெரியும். "வேண்டாம்ட்டி. அது ஒங்கம்மாவுக்கு..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவங்களுக்கு இதுல தண்ணி குடுக்கலாம் அத்தை. அவங்க ஈரலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் லோகநாயகி. "குடுத்தவங்களுக்கு ஒருதடவை திருப்பிக் குடுக்கணும்லா."

தெருக் குழாயில் குடம் நிறைய நிறையப் பிடித்தாள். கழுத்தில் பூ சுற்றினார்கள். தலைக்குமேல் நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். சங்கு ஊதியது. குழாயிலிருந்து வீட்டு வாசல் வரை நூறு அடி இருக்கும். தோளில் குடம், மேலே ஒரு கை, கீழே ஒரு கை. விளிம்பு வரை தண்ணீர். அவள் மெல்ல நடந்தாள். பின்னால் குனிந்து வர ஆள் இல்லை என்பது பாதி வழியில் உறைத்தது. அப்போதும் கை அசையவில்லை.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். மழை இல்லாத காலை. சிமெண்டுத் தெரு குழாயடி வரைக்கும் காய்ந்து கிடந்தது.

குளிப்பாட்டி முடித்து, மாலை போட்டு, கூட்டம் ஓரமாக ஒதுங்கியபோது பரீது அவளருகில் வந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் அஃப்சல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றான். இப்போது கடையைப் பார்ப்பது அவன்தான்.

"மணி பத்தாவப் போவுது தாயி. காலைல போட்டியா?"

லோகநாயகி இல்லை என்று தலையசைத்தாள். வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து வெறும் வயிறுதான். அந்த மருந்துக்கு ஏற்ற வயிறு. பரீது சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். அவள் திறந்தாள். பூண்டுத் தோலும் பழைய பட்டாசுத் தாளும் சேர்ந்த வாடை வந்தது.

முதல் தடவையாக மூக்கைச் சுளிக்காமல், அம்மா செய்வது போல, இழுத்து மோந்து பார்த்துவிட்டு விழுங்கினாள்.